சொல்லாமல் விட்ட குறை

பொய் சொல்வது பாவம் என்பதைச் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுவிடுகிறோம். சொல்லாமல் இருப்பது எப்போது பொய்யாகிறது என்பதை எவரும் நமக்கு அவ்வளவு தெளிவாகக் கற்றுத் தருவதில்லை. வாய் திறந்து ஒன்றைத் திரித்துக் கூறியவனை அவனது மனச்சாட்சி அன்றிரவே குத்தத் தொடங்கிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தவனோ நன்றாக உறங்குகிறான். 'நான் பொய்யொன்றும் சொல்லவில்லையே' என்பது அவனுக்குத் தலையணையாக அமைந்துவிடுகிறது. ஆறு கிழமைகள் அத்தகைய தலையணையில் உறங்கியவன் என்ற முறையிலேயே இதனை எழுதுகிறேன்.

என் கதையின் நடுவில் நிற்பது ஒரு பழைய ஆங்கிலேய மோட்டார் வண்டி. 1957ஆம் ஆண்டு செய்யப்பட்ட மொறிஸ் மைனர்.

இவ்வண்டியை அறியாத யாழ்ப்பாணத்தவர் முன்னர் இருந்திருக்க முடியாது. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவற்றோடு சேர்ந்து எங்கள் வீதிகளை அரை நூற்றாண்டாக ஆண்ட வண்டி அது. 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். ஸ்மிர்ணா நகரில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்தவர். 1959இல் வெளிவந்த மினி வண்டியும் அவர் படைத்ததே. மைனரின் மாதிரி வண்டி முடிவுறும் தறுவாயில் அது மிக ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அவருக்குத் தோன்றியதாம். வண்டியை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டுவித்து, இரு பாதிகளையும் சற்றே விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் தழும்பே. நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கு இந்த வண்டியைக் கண்ணிலும் காட்டமுடியாது; நீரில் அவித்த முட்டையைப் போல் இருக்கிறதென்று இகழ்ந்தார். எனினும் 1971 வரையில் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. பத்து இலட்சத்தை எட்டிய முதல் ஆங்கிலேயக் கார் அதுவே.

இலங்கையில் அது நிலைத்ததற்கு அதன் உறுதி மட்டும் காரணமன்று. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய வண்டி என்பது கனவாயிற்று. இருப்பதைத் திருத்தி ஓடுவதே வழி. திருத்த முடியாதது என்று ஒன்று இல்லை என்ற மனநிலை அக்காலத்துக் கராச்சுகளில் பிறந்தது. பின்னர் 1990களில் தென்னிலங்கையில் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் என் வண்டியை 1979இல் வாங்கினேன். அப்போது ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விற்றவர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். முற்றத்தில் கதிரை போட்டு, தேநீர் தந்து, வண்டியைச் சுற்றிக் காட்டிய பின்னர், உள்ளே சென்று கறுப்பு மட்டையிட்ட ஒரு கொப்பியைக் கொண்டு வந்தார். முதற்பக்கத்திலிருந்து எண்ணெய் மாற்றிய நாள்கள், ரயர் மாற்றிய நாள்கள், போட்ட பாகங்களின் விலை என யாவும் புகையிரத நேர அட்டவணை போல் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் 'குறைகள்' என்று தலைப்பிட்டு ஒன்பது விடயங்களை எழுதியிருந்தார்.

"தம்பி, இதை வாசிச்சுப்போட்டு விலையைப் பேசும்" என்றார்.

நான் வாசித்தேன். வாசித்தபின் நான் செய்ததை இங்கே மறைக்கலாகாது. அவர் எழுதிய குறைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டி, அவர் கேட்ட விலையில் இரண்டாயிரம் ரூபாவைக் குறைத்தேன். அவர் மறுக்கவில்லை. வீடு திரும்பியபோது நல்ல பேரம் என்று மகிழ்ந்தேன். உண்மைக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அதனைச் செலுத்துபவன் அதைச் சொன்னவனே என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன். அந்தப் பாடம் பிற்காலத்தில் எனக்கு உதவிற்று. எவ்வாறு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஒரு கராச் வேண்டும். எனக்கு வாய்த்தவர் கொக்குவிலில் ஒரு வேப்பமரத்தின் கீழ்த் தொழில் செய்தவர். என்னைவிட மூத்தவர் ஆதலால் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை மாஸ்ரர் என்பார். வகுப்பில் நான் மாஸ்ரர். வேப்பமரத்தின் கீழ் நான் மாணவன். பெற்றோலை இறைக்கும் மின்பம்பி டிக், டிக் என்று அடித்து, காபறேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் ஓய வேண்டும். ஓயாவிட்டால் எங்கோ ஒழுக்கு. அடிக்கவே இல்லையென்றால் ஸ்பனரால் மெல்ல ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதனுள் ஒட்டிக்கொண்ட தொடுமுனைகள் விடுபட்டு மறுபடி இயங்கும். இதனை அவர் செவியால் அறிவார். பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் ஒளிந்திருக்கும். அதனைக் கழற்றுவதானால் குறுக்கே நிற்கும் முறுக்குத்தண்டை முதலில் விலக்கியாக வேண்டும். முழுநாள் வேலை. இதை வடிவமைத்தவர் ஒருநாளாவது இதன் கீழ் மல்லாந்து படுத்திருப்பாரா என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.

ஆனால் அவர் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பித்தது முன்சக்கரத்தைப் பற்றியது. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஒரு தூண் போன்ற உருக்குப் பாகம். அதன் கீழ்முனையில் திருகாணிக்கு உள்ளது போல் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை ட்றனியன் எனப்படும் வேறொரு பாகத்தினுள் திருகி நிற்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் மரைக்குள் மரை சற்றே சுழல்கிறது. ஆகவே ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது அங்கே கிறீஸ் அடிக்க வேண்டும். அடித்தால் ஆண்டுக்கணக்காக நிற்கும். அடிக்காவிட்டால் மணலும் துருவும் சேர்ந்து மரையை அரைத்துவிடும். மரை தேய்ந்தால் ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக ஓடி முழுமையாக வளைக்கும்போது, தூண் கழன்று சக்கரம் வண்டியின் கீழ் மடிந்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பார்ப்பவனுக்கே தெரியும்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அழுத்த விகிதம் குறைந்த பழைய ஆங்கிலேய இயந்திரங்களே இதற்கு ஈடுகொடுத்தன. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே பொன்போல் காத்த பெற்றோலில் சில துளிகளை விட்டு உயிர்ப்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். வீதியெங்கும் வெண்புகை. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்த வண்டி ஓடியது. ஆனால் கிறீஸ் கிடைப்பது அரிதாயிற்று. கழிவெண்ணெயைக் கொண்டு சில காலம் சமாளித்தோம். பின்னர் அதையும் மறந்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவை எம்மவர்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவில் என் வண்டியில் முதியவர் நால்வர், குழந்தைகள் மூவர், கூரைமேல் மூட்டைகள். மழை. ஆள் நடக்கும் வேகத்தில், நின்று நின்று, சனத்துக்கு விலத்தி விலத்திச் செல்ல நேர்ந்தது. சாவகச்சேரியை அடைந்த பின்னர், ஒரு மாமரத்தின் கீழே, எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்திருந்த கராச் அண்ணை வண்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இடப்பக்கம் மரை போயிட்டுது மாஸ்ரர். சாமான் கிடைச்சால் மாத்துவம். அதுவரைக்கும் பாத்து ஓடுங்கோ, முழுக்க ஒடிச்சுத் திருப்பாதேங்கோ."

1996இல் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவர் வன்னிக்குப் போய்விட்டார். அந்தக் குறையை அறிந்தவன் வலிகாமத்தில் நான் ஒருவனே.

1997இல் மகனைப் படிப்புக்காகக் கொழும்புக்கு அனுப்பப் பணம் தேவைப்பட்டது. வண்டியை விற்க முடிவு செய்தேன். வாங்க வந்தவர் முப்பது வயதை எட்டாத ஓர் இளைஞர். வாடகைக்கு ஓடிப் பிழைக்கப் போவதாகச் சொன்னார். மனைவியின் காப்புகளை விற்ற பணம் என்பதும் பேச்சினிடையே வந்தது. வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இயந்திரத்தை இயக்கிக் கேட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கவில்லை.

"பழைய கார் தம்பி, எல்லாம் பாத்து எடும்" என்றேன்.

"நீங்கள் வைச்சிருந்த கார்தானே மாஸ்ரர்" என்றார்.

கறுப்புக் கொப்பி உள்ளறையில் அலுமாரியில் இருந்தது. அதனை நான் எடுத்து வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் நானும் அதில் எழுதி வந்திருந்தேன். சாவகச்சேரியில் அண்ணை சொன்னதையும் என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தேன். கொப்பி பழைய நினைவுக்காக என்னிடமே இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறைகளை வாசித்தவன் எவ்வளவு விலை குறைப்பான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் அல்லவா?

இந்த இடத்தில் சற்றே நின்று, அன்று எனக்குத் துணைநின்ற நியாயங்களை ஆராய விரும்புகிறேன். ஏனெனில் அவை என்னுடையவை மட்டுமல்ல. காணி விற்பவர், மாடு விற்பவர், ஏன், திருமணம் பேசுபவர்கூட அவற்றையே நாடுவர்.

முதலாவது நியாயம், ஆராய்ந்து பார்ப்பது வாங்குபவனின் பொறுப்பு என்பது. வாங்குபவனே விழிப்பாயிரு என்று ஆங்கிலச் சட்ட மரபு நெடுங்காலம் சொல்லி வந்தது. வண்டியைத் தந்த நாடே நியாயத்தையும் தந்துவிட்டது போலும். ஆனால் இந்தக் கேள்வி மோட்டார் வண்டிக்கும் ஆங்கிலேயருக்கும் மிக முற்பட்டது. கி.மு. 44இல் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வணிகனை நிறுத்துகிறார். பஞ்சத்தில் வாடும் றோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்தவன் அவன். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதனை அவன் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்கிறார் பாபிலோனிய தியோஜெனஸ். வாங்குபவர் அறிய வேண்டியது எதனையும் மறைக்கலாகாது என்கிறார் அவருடைய மாணவர் அந்திபாத்தர். சிசரோ மாணவரின் பக்கம் சாய்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். அவருடைய விடை நான் எதிர்பார்த்ததைவிட மென்மையானது. அதனாலேயே என்னைக் கூடுதலாகத் தாக்கியது. தானிய வணிகன் சொல்லாவிட்டால் நீதிக்கு மாறாக நடந்தான் என்று கூற முடியாது என்கிறார். சொன்னால் அது மேலான நற்குணம். ஒற்றைக் கண் குதிரையை விற்பவனும் அதன் கண்ணைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. குறை எவருக்கும் வெளிப்படையாகத் தெரிகிறது. உரிய அளவு விலையைக் குறைத்தால் போதும். சந்தையில் பறையறைந்து குறையை அறிவிக்கவும் வேண்டாம். அவ்வாறு அறிவித்தால் பொருளின் நன்மைகளை அறியாமலே மக்கள் விலகிவிடுவர் என்பதையும் அவர் உணர்ந்திருக்கிறார். ஆனால் மறைந்திருக்கும் குறை, அதுவும் வாங்குபவனுக்கு நட்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்கக்கூடிய குறை, வாங்க வந்தவனிடம் நேருக்கு நேர் சொல்லப்பட்டாக வேண்டும். சொல்லாதவன் விளையும் நட்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். வாங்குபவன் தீர்ப்பிட்டு வாங்குகிறானே என்ற மறுப்புக்கு, வெளிப்படாத ஒன்றைப் பற்றி எவன் தீர்ப்பிட முடியும் என்ற கருத்தில் விடை தருகிறார்.

மைனரின் துருப்பிடித்த கதவு ஒற்றைக் கண். தேய்ந்த மரை ஒற்றைக் கண் அன்று.

இரண்டாவது நியாயம் 'பழைய கார்' என்ற என் சொல். அது முழு உண்மை. அதனாலேயே அது ஆபத்தானது. பொதுவான ஓர் உண்மையை எடுத்துக் குறிப்பான ஓர் உண்மையை மூடிவிட முடியும் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். நாம் எல்லோரும் பாவிகள் என்று பெருமூச்செறிபவன் தான் நேற்றுச் செய்ததைச் சொல்லாமல் தப்பிக்கொள்கிறான். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இது நிகழ்வதுண்டு என்று குருவானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, காலம் கெட்டுக் கிடந்தது என்பது. இந்த நியாயத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். மகனின் எதிர்காலம், கப்பல் பயணத்துக்கான அனுமதி, நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலை ஆகியவை மெய்யானவை. ஆனால் அதே காலம் அந்த இளைஞருக்கும் கெட்டுத்தான் கிடந்தது. என் நெருக்கடியை அவருடைய சக்கரத்தின் மேல் ஏற்றிவிட எனக்கு எவர் உரிமை தந்தார்?

விலை குறைவாகவே விற்றேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதனை ஒரு கணம்கூட நம்ப முடியவில்லை.

ஆறு கிழமைகளின் பின் செய்தி வந்தது. சந்தியில் வளைக்கும்போது இடது முன்சக்கரம் மடிந்துவிட்டது. வண்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவளுடைய தாயும் இருந்தனர். மெதுவாக ஓடியபடியால் எவருக்கும் காயமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது என் உள்ளத்தில் எழுந்த ஆறுதலை நான் இன்றும் ஐயத்தோடுதான் நோக்குகிறேன். எவருக்கும் காயமில்லை என்பது இறைவனின் இரக்கம், அல்லது வண்டியின் வேகம். அதில் என் பங்கு எதுவுமில்லை. அந்தப் பெண் விழுந்திருந்தால் நான் செய்தது வேறு செயலாகி இருக்குமா? மெய்யியலாளர் இதனை நெடுங்காலமாக விவாதிக்கின்றனர். என் அளவில், நான் செய்தது செய்தி வருவதற்கு முன்னரே, என் முற்றத்திலேயே, முடிந்துபோன செயல்.

அன்று மாலையே சைக்கிளில் போனேன். வண்டி ஒரு பக்கம் சரிந்து அவருடைய வேலியோரம் கிடந்தது. அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பழைய கார்தானே மாஸ்ரர். நீங்கள் சொன்னனீங்கள், நான்தான் பாக்கேல்லை."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கொப்பியை எடுத்து, நான் எழுதிய பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் திகதியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. திருத்தச் செலவுக்கென்று கொண்டுபோன பணத்தை நீட்டியபோது வேண்டாம் என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்து வாங்கிக்கொண்டார். கொப்பி வேலிக் கதியாலில் சாத்தி வைக்கப்பட்டது. எவரும் எனக்குத் தேநீர் தரவில்லை. தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. அதன் பின்னர் வீதியில் காணும்போது தலையசைப்பார். மாஸ்ரர் என்று மறுபடி அழைத்ததில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து யப்பானிய வான்கள் வந்து குவிந்தன. பழைய ஆங்கிலேய வண்டிகள் கொட்டில்களுக்குள் ஒதுங்கின. அடுத்த ஆண்டு அளவெட்டிப் பக்கம் ஒரு மரணவீட்டுக்குப் போனபோது, பக்கத்து வளவில் என் மைனரைக் கண்டேன். பச்சை நிறம் பூசியிருந்தார்கள். உரிமையாளர் வேறொருவர், அந்த இளைஞரிடம் வாங்கியதாகச் சொன்னார். இது ஒருகாலத்தில் என்னுடையது என்றேன். அப்படியா என்று மகிழ்ந்து, கேளாமலே உள்ளே சென்று ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். கறுப்பு மட்டை உரிந்து, வேறு கடதாசி ஒட்டப்பட்டிருந்தது.

நிலைய அதிபரின் அட்டவணை எழுத்து. பின்னர் என் எழுத்து. அதன்பின் பள்ளிப் பிள்ளையின் கையெழுத்துப் போலச் சாய்ந்து சாய்ந்து நாலைந்து பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ்ப் பதினொரு வரிகள். ஏழாவது வரியில் இவ்வாறு எழுதியிருந்தது: 'இடது முன்சக்கரம் 1997இல் மடிந்தது. மாற்றியாயிற்று. வலது பக்கம் இன்னும் பழசு. தூக்கிப் பார்த்து எடுக்கவும்.'